3,600 மீட்டர் உயரத்து அருவிக்கு ஒரே நாளில் போய்த் திரும்புவது: எங்கள் திட்டத்தைச் சரிபார்க்க வேண்டும்

#1 தூவானம்

அருவி வரை போய் அன்றைக்கே திரும்பும் மலைநடை ஒன்றுக்குத் திட்டம் போடுகிறோம். விவரத்தைக் கீழே தருகிறேன். தவறு தெரிந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

பாதை தொடங்கும் இடம் 2,700 மீட்டர். 5 கி.மீ. ஏறினால் 3,350 மீட்டரில் ஒரு முகடு. அதைத் தாண்டி 1 கி.மீ. தூரத்தில் 100 மீட்டர் இறக்கம், அடியில் ஓர் ஓடை, பாலம் கிடையாது. அங்கிருந்து 2 கி.மீ. ஏறினால் அருவியின் அடி, 3,600 மீட்டர். ஆக, போக 8, வர 8. ஓடைக்கும் அருவிக்கும் மேலே உருகும் பனிதான் நீர்.

ஐந்து பேர் போகிறோம். எல்லோருக்கும் தினமும் நடக்கிற பழக்கம் உண்டு. ஆனால் 2,500 மீட்டருக்கு மேல் யாரும் ஏறியதில்லை.

எங்கள் கணக்கு இதுதான்: மணிக்கு 4 கி.மீ. வீதம் போக 2 மணி, வர 2 மணி. காலை 8:30க்குக் கிளம்பி, அருவியில் குளித்து, சாப்பிட்டுவிட்டு 3 மணிக்குள் கீழே வந்துவிடலாம். முந்தின நாள் மாலை சமவெளியிலிருந்து வண்டியில் வந்து அடிவாரத்தில் தங்குவோம். ஓடையை வெறுங்காலோடு கடந்துவிடலாம் என்று நினைக்கிறோம்.

#2 சமஉயரக்கோடு

மணிக்கு 4 கி.மீ. என்பது சமதரைக் கணக்கு. மலையில் ஏற்றத்துக்குத் தனியாக நேரம் சேர்க்க வேண்டும். 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன விதி இன்றும் நல்ல தொடக்கம்: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம்.

உங்கள் பாதையில் போகும்போது மொத்த ஏற்றம் 900 அல்ல, 1,000 மீட்டர். முகட்டிலிருந்து ஓடைக்கு இறங்கும் 100 மீட்டரைத் திரும்ப ஏற வேண்டுமே. இதை எல்லோரும் மறப்பார்கள். 8 கி.மீ.க்கு 96 நிமிடம், ஏற்றத்துக்கு 100 நிமிடம், மொத்தம் 196. இது மெல்லிய காற்றைக் கணக்கில் எடுக்காத, நல்ல பயிற்சி உள்ளவர் நிற்காமல் நடக்கும் வேகம். முதன்முறை 3,000 மீட்டருக்கு மேல் போகிறவர்களுக்கு ஒன்றரையால் பெருக்குவேன். 294 நிமிடம், அதாவது ஏறக்குறைய 5 மணி நேரம். இளைப்பாற மணிக்கு 8 முதல் 10 நிமிடம் வைத்தால் 5 மணி 40 நிமிடம்.

இறக்கத்தையும் சும்மா விடக் கூடாது. மிதமான சரிவில் நேரம் மிச்சமாகும், செங்குத்தான சரிவில் கூடும். நெய்ஸ்மித் விதிக்கு லாங்மியூர் என்பவர் செய்த திருத்தப்படி 12 பாகைக்கு மேல் சாய்ந்த இறக்கத்தில் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 10 நிமிடம் சேர்க்க வேண்டும். களைத்த முழங்கால், ஈரப் பாறை எல்லாம் சேர்த்தால் திரும்பிவர மூன்றரை மணி நேரம் ஆகும்.

அருவியில் 45 நிமிடம் இருந்தாலும் மொத்தம் 10 மணி நேரம் வருகிறது. 8:30க்குக் கிளம்பினால் கீழே வரும்போது மாலை 6:30. ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால் இருட்டில்தான் இறங்க வேண்டும்.

#3 மூச்சுக்கணக்கு

நேரத்தைவிட எனக்குக் கவலை தருவது முந்தின நாள் மாலை வந்து சேர்வது. சமவெளியிலிருந்து ஒரே மூச்சில் 2,700 மீட்டருக்கு வந்து தூங்கினாலே தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். உயரநோய் 2,500 மீட்டரிலிருந்தே தொடங்கும். மறுநாள் அதன்மேல் 900 மீட்டர் ஏறப் போகிறீர்கள். 3,600 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 65 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும்.

அடிவாரத்தில் குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். இடையில் வரும் பகலில் 300, 400 மீட்டர் மெதுவாக ஏறி இறங்கினால் உடல் பழகத் தொடங்கும். உடற்பயிற்சிப் பழக்கம் உயரநோயைத் தடுக்காது. நன்றாக ஓடுகிறவர் வேகமாக ஏறிவிடுவதால் அவருக்கே முதலில் வரவும் கூடும்.

நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். நடையின் வேகத்தை முடிவு செய்ய வேண்டியவர் ஐவரில் மெதுவானவர், அவரை முன்னால் விடுங்கள்.

#4 தூவானம்

நேரக் கணக்கு இவ்வளவு மாறும் என்று நினைக்கவில்லை. இரண்டு இரவு தங்க ஏற்பாடு செய்துகொள்கிறோம். அசிட்டசோலமைடு மாத்திரை போட்டுக்கொண்டால் ஓர் இரவு போதாதா?

#5 மூச்சுக்கணக்கு

அந்த மாத்திரை உடல் பழகுவதைச் சற்று விரைவுபடுத்தும், பழக்கத்துக்கு மாற்றாகாது. தடுப்புக்காக வழக்கமாகத் தருவது 125 மி.கி. வீதம் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்கி. சிறுநீர் அதிகம் போகும், விரல்நுனி மரத்துக் குறுகுறுக்கும். சல்பா வகை மருந்து ஒவ்வாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. மற்றவர்களும் கேட்டுவிட்டுப் போடுவதே முறை.

மாத்திரையைவிட முக்கியம், எப்போது திரும்புவது என்பதை ஐந்து பேரும் முன்கூட்டியே ஒத்துக்கொள்வது. தலைவலி மட்டும் என்றால் நின்று, தண்ணீர் குடித்து, அரை மணி பாருங்கள். குறைந்தால் மெதுவாகத் தொடரலாம். தலைவலியோடு குமட்டலோ தலைச்சுற்றலோ சேர்ந்தால் அதற்குமேல் ஏற்றம் இல்லை. நேர்க்கோட்டில் குதிகாலையும் பெருவிரலையும் ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் வீக்கம் தொடங்கியிருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால், இருமல் விடாமல் வந்தால், நுரையீரலில் நீர் கோக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டுக்கும் உடனே இறங்குவதுதான் மருந்து. அவரைத் தனியாக அனுப்பக் கூடாது. 'நீ இங்கே உட்கார், நாங்கள் பார்த்துவிட்டு வருகிறோம்' என்று விட்டுப் போவதும் கூடாது.

#6 ஓடைக்கல்

ஓடையைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. என் பார்வையில் இந்தப் பாதையின் கடினமான இடம் அருவி அல்ல, அந்த 6ஆம் கி.மீ.தான்.

பனி உருகி வரும் ஓடைக்கு நாளொன்றுக்கு ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் உண்டு. இரவுக் குளிரில் உருகல் குறைவதால் விடிகாலையில் நீர் மிகத் தாழ்ந்திருக்கும். வெயில் ஏற ஏறப் பெருகி, பிற்பகலிலும் மாலையிலும் உச்சத்துக்குப் போகும். காலையில் கணுக்கால் அளவில் தாண்டிய அதே இடத்தில் பிற்பகலில் தொடையளவு நீர் நிற்கலாம். நீங்கள் 8:30க்குக் கிளம்பினால் திரும்பும்போது ஓடையை மாலை 4 மணிவாக்கில் சந்திப்பீர்கள். அந்நேரம் நீங்கள் மறுகரையில், வீடு இக்கரையில்.

கடக்கும் முறை: பாதை ஓடையைத் தொடும் இடத்திலேயே இறங்கிவிடாதீர்கள். மேலும் கீழும் 200 மீட்டர் நடந்து பாருங்கள். ஓடை அகன்று, பல கிளையாகப் பிரியும் இடமே ஆழம் குறைந்த இடம். குறுகிய இடம் பார்க்கச் சுலபமாகத் தெரியும், ஆனால் ஆழமும் வேகமும் அங்கேதான். ஒரு சுள்ளியைத் தண்ணீரில் போட்டுக் கரையோரமாகக் கூடவே நடங்கள். அது உங்களை முந்திப் போனால் அங்கே இறங்க வேண்டாம். முழங்காலுக்கு மேல் வேகமான நீர் என்றாலும் வேண்டாம். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அடியில் கல் உருண்டு முட்டும் 'டொக் டொக்' ஓசை கேட்டால் எந்த ஆழமானாலும் இறங்கக் கூடாது. கீழ்ப்பக்கம் மரக்கட்டை அடைப்போ, நீர்வீழ்ச்சியோ, பனிக்கு அடியில் ஓடை நுழையும் இடமோ இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இறங்கும் முன் முதுகுப்பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதற முடிய வேண்டும். நீரோட்டத்தைப் பார்த்தபடி, ஊன்றுகோலை மேல்பக்கம் ஊன்றி, ஒரு நேரத்தில் ஒரு காலோ ஒரு கோலோ மட்டும் நகர்த்திப் பக்கவாட்டாகப் போக வேண்டும்.

வெறுங்கால் வேண்டவே வேண்டாம். உருகிய பனிநீரில் சில நொடியிலேயே பாதம் மரத்துவிடும். கல் குத்துவதும் தெரியாது, வழுக்குவதும் தெரியாது. பாதம் கிழிந்தால் மீதி 6 கி.மீ. எப்படி நடப்பீர்கள்?

#7 தோள்பை

வெறுங்கால் கூடாது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஷூவோடு இறங்குவதா, மாற்றுச் செருப்பா என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. பட்டை உள்ள, குதிகாலைப் பிடித்து நிற்கும் சாண்டல் 600, 700 கிராம் வரும். கனம் பிடிக்காதவர்கள் ஷூவுக்குள் பாதத்தின் அடியில் இருக்கும் மெத்தையையும் காலுறையையும் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, வெறும் ஷூவோடு கடந்து, அக்கரையில் நீரை வடித்து, காலைத் துடைத்து, உலர்ந்த காலுறை போட்டுக்கொள்ளலாம். கணுக்கால் மூடிய, நீர்புகா படலம் உள்ள ஷூ என்றால் உள்ளே போன நீர் வெளியே வராமல் நாள் முழுக்க ஊறும். அவர்களுக்குச் சாண்டல்தான் சரி. கட்டைவிரலிடுக்குச் செருப்பு எதற்கும் ஆகாது, முதல் இழுப்பிலேயே போய்விடும்.

#8 தூவானம்

30 மீட்டர் கயிறு ஒன்று இருக்கிறது. இடுப்பில் கட்டிக்கொண்டு கடந்தால் பாதுகாப்பு அல்லவா?

#9 ஓடைக்கல்

இல்லை, அதுதான் ஆளைக் கொல்லும். கயிற்றில் கட்டப்பட்டவர் விழுந்தால் கயிறு இறுகி நிற்கும், நீரோட்டம் அவரை அடியில் அமுக்கிப் பிடிக்கும். அவரால் அவிழ்க்க முடியாது, கரையில் இருப்பவராலும் இழுக்க முடியாது. கயிற்று வேலை தனிப் பயிற்சி. அது இல்லாதவர்கள் கயிறு தேவைப்படும் ஓடையைக் கடக்கவே கூடாது. மூன்று பேர் தோளைப் பற்றி வரிசையாக, பலசாலி மேல்பக்கம் நிற்க, மற்றவர் அவர் நிழலில் நகர்வது இதைவிட நல்ல வழி.

#10 கார்முகில்

வானிலைக்கு வருகிறேன். உயரமான மலையில் வெயில் காலத்துப் பகல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: காலை தெளிவு, பதினொரு மணிக்குப் பஞ்சுமேகம், பிற்பகலில் இடி. சரிவு சூடாகிக் காற்று மேலெழுவதால் மேகம் முகட்டில்தான் முதலில் கட்டும். மேகம் அகலத்தைவிட உயரமாக வளர்ந்தால் நேரம் முடிந்தது என்று பொருள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடியோ அதற்குக் குறைவோ என்றால் மின்னல் 10 கி.மீ.க்குள் இருக்கிறது. முகட்டை விட்டு இறங்கிவிட வேண்டும். கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழியும்வரை முகட்டுக்குத் திரும்பக் கூடாது. உங்கள் பாதையில் முகடுதான் வாசல். அதைத் திரும்பக் கடக்கும் நேரத்தைத்தான் திட்டத்தின் அச்சாக வையுங்கள், 1 மணிக்கு முன்னால்.

குளிரையும் கணக்கில் எடுங்கள். 1,000 மீட்டருக்கு வெப்பம் ஏறக்குறைய 6.5 பாகை செல்சியஸ் குறையும். அடிவாரத்தில் 12 பாகை என்றால் அருவியடியில் 6. விழும் நீர் காற்றைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் அங்கே எப்போதும் ஈரக் காற்று வீசும். வியர்த்த பருத்திச் சட்டையோடு சாரலில் கால்மணி நின்றால் நடுக்கம் தொடங்கிவிடும்.

#11 சமஉயரக்கோடு

மழை உங்கள் தலைக்குமேல் பெய்ய வேண்டும் என்பதில்லை. வரைபடத்தில் அருவிக்கு மேலே உள்ள நீர்பிடிப்புப் பகுதியைப் பாருங்கள். பெரும்பாலும் அருவியடியில் நிற்பவருக்கு அது தெரியாது. அங்கே பெய்தால் உங்களுக்கு வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரும்.

#12 ஓடைக்கல்

அதற்கு முன்னறிகுறிகள் உண்டு: தெளிந்த நீர் கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, ஓசை கனத்து மாறுவது. ஒன்று தெரிந்தாலும் பையை எடுக்க நேரம் செலவழிக்காமல் பக்கவாட்டில் மேடேறுங்கள். ஓடைக் கரையோடு கீழ்நோக்கி ஓடக் கூடாது.

அடுத்து குளியல். அதைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பனிநீரில் திடீரென இறங்கினால் முதல் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் வசத்தில் இருக்காது. தலை நீருக்குள் இருக்கும்போது அந்த விக்கல் மூச்சு வந்தால் நீரைத்தான் உள்ளே இழுப்பீர்கள். பத்து நிமிடத்துக்குள் கைகால் வேலை செய்வது நின்றுவிடும். அருவி விழும் மடுவில் நீர் நுரைத்துக் காற்றுக் குமிழி கலந்திருப்பதால் உடல் மிதப்பதும் குறையும். விழும் நீர் அடியில் சுழன்று ஆளைத் திரும்பவும் அருவிக்குக் கீழேயே இழுக்கும். அதோடு, மேலிருந்து நீர் மட்டுமா வருகிறது? கல்லும் வரும், விளிம்பில் தொங்கும் பனிக்கட்டியும் வரும்.

நிற்க நல்ல இடம் எது என்று பாறையே சொல்லும். சாரல் படும் பாறை கறுத்துப் பாசி படிந்து வழவழப்பாக இருக்கும். விடிகாலையில் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலமும் இருக்கும். அந்தக் கறுப்பு வட்டத்துக்கு வெளியே, உலர்ந்த கற்களில் நில்லுங்கள். கூர்மையான புதிய உடைவுக் கற்கள் சிதறிக் கிடந்தால் அது கல் விழும் இடம், அங்கே உட்காராதீர்கள். மடுவை ஒட்டிப் பனித்திட்டு இருந்தால் அதன்மேல் ஏறவே கூடாது. அடியில் நீர் அரித்துக் கூடாரம் போல வெற்றிடம் இருக்கும். அருவியின் தலைப்பகுதிக்கு ஏறிப் படம் எடுக்கும் ஆசையும் வேண்டாம். அங்கே ஒருமுறை வழுக்கினால் பிடிக்க எதுவும் இல்லை.

#13 தூவானம்

குளியல் இல்லை, முடிவாகிவிட்டது. பையில் என்னென்ன, எவ்வளவு?

#14 தோள்பை

ஆளுக்கு 6 கிலோவைத் தாண்ட வேண்டாம். தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் கணக்கு. 10 மணி நேரத்துக்கு 5 லிட்டரையும் சுமக்காமல், 2 லிட்டரோடு கிளம்பி ஓடையில் நிரப்புங்கள். 0.2 மைக்ரான் அல்லது அதைவிட நுண்ணிய வடிகட்டி போதும். இரவில் உறைபனி என்றால் அதைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே நீர் உறைந்தால் நுண்துளைகள் கிழிந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. குளோரின் டை ஆக்சைடு மாத்திரை என்றால் பெரும்பாலான கிருமிக்கு 30 நிமிடம், எளிதில் சாகாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்கு 4 மணி நேரம். கலங்கிய பனிநீரை முதலில் பாத்திரத்தில் தெளியவிட்டு, பிறகு வடிகட்ட வேண்டும், இல்லையென்றால் மணல்தூள் அடைத்துக்கொள்ளும்.

உடை: உடலை ஒட்டிச் செயற்கை இழை அல்லது கம்பளி, மேலே ஒரு பிளீஸ் (மென்பஞ்சு போன்ற செயற்கை இழைச் சட்டை), அதன்மேல் மழைச் சட்டை. நிற்கும்போது போட ஒரு கனத்த ஜாக்கெட். உலர்ந்த காலுறை இரண்டு ஜோடி, நீர்புகாப் பையில் கட்டி. குல்லாய், கையுறை. வெயில் கண்ணாடி கட்டாயம், பனி புறஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மூக்கின் அடிப்பக்கமும் காதும் வெயிலில் கருகும், அங்கேயும் வெயில் களிம்பு பூசுங்கள்.

ஐந்து பேருக்கும் தனித்தனித் தலைவிளக்கு. கைப்பேசி விளக்கு கணக்கில் சேராது, ஓடையில் ஒரு கையை அது பிடித்துக்கொள்ளும். கைப்பேசியில் வரைபடத்தை முன்பே இறக்கி, ஏரோப்ளேன் மோடில் போட்டு, உள்சட்டைப் பையில் உடற்சூட்டோடு வைக்கவும். குளிரில் 40 சதவீதம் காட்டும் பேட்டரி திடீரென அணைந்துவிடும். காகித வரைபடம் ஒன்று, திசைகாட்டி ஒன்று.

முதலுதவியில் மறக்கக் கூடாதது கொப்புளப் பட்டி. குதிகாலில் சூடு தெரிந்த அந்த நிமிடமே நின்று ஒட்ட வேண்டும். இறக்கம் தொடங்கும் முன் ஷூ கயிற்றைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டுங்கள், பெருவிரல் நகம் முன்னால் போய் மோதாது.

#15 கார்முகில்

விசிலும் ஆளுக்கொன்று. ஒரு நிமிடத்தில் 6 முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவது ஆபத்து அழைப்பு. பதில் நிமிடத்துக்கு 3. ஆனால் அருவியடியில் விசிலும் கேட்காது, கத்துவதும் கேட்காது. அதனால் கைச்சைகையை முன்பே பேசிவையுங்கள்: இரண்டு கையும் தலைக்குமேல் குறுக்காக என்றால் 'உடனே விலகு'. ஒருவர் எப்போதும் நீருக்கு முதுகு காட்டாமல் மேலே பார்த்தபடி நிற்கட்டும். கீழே இருப்பவர் ஒருவரிடம் பாதை, ஆட்களின் எண்ணிக்கை, எத்தனை மணிக்குள் வராவிட்டால் தகவல் சொல்ல வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

#16 தூவானம்

எல்லாவற்றையும் சேர்த்துப் புதிய அட்டவணை. இரண்டு இரவு அடிவாரத்தில். மூன்றாம் நாள் காலை 5:00 கிளம்புதல். முகடு 8:35. ஓடை 8:55. அருவி 10:40. அங்கிருந்து கிளம்புவது 11:25. ஓடை 12:20. முகடு 1:05. அடிவாரம் 3:00. எங்கே இருந்தாலும் 11:30க்குத் திரும்பிவிடுவோம்.

#17 சமஉயரக்கோடு

நன்றாக இருக்கிறது. ஆனால் முகட்டைத் திரும்பக் கடப்பது 1:05, கார்முகில் சொன்ன எல்லையைத் தாண்டுகிறது. எதுவுமே பிசகாமல் இருந்தால்தான் அந்த 1:05 கூட. எல்லாவற்றையும் அரை மணி முன்னால் தள்ளி 4:30க்குக் கிளம்புங்கள், முகடு 12:35 ஆகும். 11:30 என்ற திரும்பும் நேரமும் 11:00 ஆக வேண்டும்.

இன்னொன்று: திரும்பும் நேரம் ஒன்று போதாது. போகும்போது முகட்டுக்கு 8:45க்குள் வராவிட்டால் அங்கேயே திரும்பிவிடுங்கள். அருவியைக் கண்ணால் பார்த்தபின் திரும்பச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். முகட்டில் அந்த முடிவை எடுப்பது எளிது.

#18 ஓடைக்கல்

ஓடையில் இறங்கும் முன் நீர்விளிம்பில் ஒரு கல்லுக்கு மேல் இன்னொரு கல் வைத்து அடையாளம் செய்து, படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஊகிக்க வேண்டியிருக்காது. ஏறியிருந்து கடக்க முடியாவிட்டால் கரையிலேயே காத்திருங்கள், இரவில் இறங்கும். கனத்த ஜாக்கெட்டும் தலைவிளக்கும் மிச்ச உணவும் அதற்குத்தான்.

#19 தூவானம்

4:30, முகட்டில் 8:45, திரும்புவது 11:00. மூன்றையும் எழுதி ஐந்து பேரும் வைத்துக்கொள்கிறோம். 4:30 என்றால் முதல் ஒரு மணி நேரம் இருட்டில் நடக்க வேண்டும், அதுதான் கொஞ்சம் தயக்கம்.

#20 மூச்சுக்கணக்கு

இடையில் ஒரு முழுப் பகல் இருக்கிறதே. உடல் பழக ஏறி இறங்கச் சொன்னேன் அல்லவா, அந்த நடையை இதே பாதையின் முதல் 2 கி.மீ.யில் வைத்துக்கொள்ளுங்கள். பிரியும் கிளைப்பாதைகள், வழுக்கும் இடங்கள் எல்லாம் வெளிச்சத்தில் தெரிந்துவிடும். அன்றைக்கே யாருக்காவது தலைவலி வந்தால், மறுநாள் அவர் வரக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.